சுவரில் ஏறிய தசமம்

மூன்று அணாவுக்கு எத்தனை நயா பைசா? 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி புதுக் காசு புழக்கத்துக்கு வந்தபோது, கடலூர் முதுநகர்க் கடைத்தெருவிலும் சிதம்பரம் கீழவீதியிலும் இந்தக் கேள்வி எழாத நாள் இருந்திருக்காது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஆக ரூபாய்க்கு 192 பை. அன்று முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. நூறைப் பதினாறால் வகுத்தால் அணாவுக்கு ஆறேகால் வருகிறது. மூன்றணாவுக்குப் பதினெட்டே முக்கால். கால் பைசாவுக்கும் முக்கால் பைசாவுக்கும் நாணயம் கிடையாது. அரையும் அதற்குக் குறைந்ததும் தள்ளுபடி, அரைக்கு மேற்பட்டால் ஒன்று என்று அரசு விதி வைத்தது. அந்த விதிப்படி ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. ஓரணாச் சாமானை மூன்று தடவையாக வாங்கினால் 18 பைசா. அதையே ஒரே தடவையில் வாங்கினால் 19 பைசா.

இந்த மாற்றுப் பட்டியல் அச்சாகி அஞ்சலகத்திலும் ரயில் நிலையத்திலும் கடைச் சுவர்களிலும் தொங்கியது. தபால் தலையும் அதே நாளில் நயா பைசாவுக்கு மாறியதால், கார்டு வாங்கப் போனவர்கள்கூட அண்ணாந்து அந்தத் தாளைப் படிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஊரே நின்று படித்த முதல் தசம சார்ட் அதுதான் என்று நான் சொல்வேன். வகுப்பறைச் சுவரில் இடமதிப்புப் படம் மாட்டிப் பாடம் நடத்தியே பணிக்காலத்தைக் கழித்த கணக்கு டீச்சர் நான். சிதம்பரத்தைச் சுற்றியுள்ள ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில்தான் என் வேலை. அதனால் சுவரில் தொங்கும் எந்தக் கணக்குத் தாளையும் நின்று பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது. அந்தத் தாள் சுவருக்கு எப்படி வந்தது, அதற்கு முன்னால் அந்த வேலையை எது செய்தது என்பதையெல்லாம் தேடிப் படித்ததும் அதனால்தான்.

என் தாத்தா முதுநகரில் ஒரு நெல் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மாற்றுப் பட்டியலை அவர் பார்த்ததே இல்லை என்று அப்பா சொல்வார். "மூணணா பதினெட்டே முக்கா. இதுக்கு எதுக்குடா தாளு?" என்பாராம். முக்கால் பைசாவைத் தள்ளுவதும் சேர்ப்பதும் கடைக்காரன் பாடு. கணக்கில் அது முக்கால்தான். ஒன்றுக்குக் கீழே உள்ள உலகம் அவருக்கு ஒன்றுக்கு மேலே உள்ளதைப் போலவே பழகிய இடம்.

அந்த உலகத்துக்குக் கீழ்வாய் இலக்கம் என்று பெயர். முழு எண்கள் மேல்வாய், பின்னங்கள் கீழ்வாய். கீழ்வாயின் அடிப்படை முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி சேர்ந்தால் அரைக்காணி; அரைக்காணியோடு ஒரு முந்திரி; பிறகு காணி, 80-இல் ஒன்று. அப்படியே ஏறினால் அரைமா 40-இல் ஒன்று, முக்காணி, மா 20-இல் ஒன்று, மாவும் காணியும் சேர்ந்த மாகாணி 16-இல் ஒன்று, இருமா 10-இல் ஒன்று, அரைக்கால் 8-இல் ஒன்று, கால், அரை, முக்கால், ஒன்று. பையன்கள் இதைப் பொன்னிலக்கம் என்று பாடமாக ஒப்பித்தார்கள். நெல்லிலக்கம் தனி: ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு உழக்கு, இரண்டு உழக்கு உரி, இரண்டு உரி நாழி, எட்டு நாழி குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். இதற்கும் கீழே போக வேண்டுமானால் முந்திரியையே ஒன்றாகப் பாவித்து அதன் 320-இல் ஒரு பங்கைக் கீழ்முந்திரி என்பார்கள். அது 1,02,400-இல் ஒரு பங்கு. நிலம் அளந்து வரி போட்ட நாட்டில் இது விளையாட்டு இல்லை. வேலிக்கணக்கில் கிடந்த நிலத்தை மாவாகவும் காணியாகவும் முந்திரியாகவும் பிரித்துக் கல்வெட்டில் வெட்டி வைத்தது சோழர் காலம்.

320 என்ற எண்ணை யார் தேர்ந்தார்களோ, அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு. இரண்டை ஆறு முறை பெருக்கி ஐந்தால் பெருக்கினால் 320. இரண்டும் ஐந்தும் பத்தின் காரணிகள். அதனால் கீழ்வாயில் வரும் எந்தப் பின்னத்தைத் தசமமாக எழுதினாலும் அது முடிவில்லாமல் ஓடாது. எங்கோ ஓர் இடத்தில் நின்றுவிடும். முந்திரி 0.003125. காணி 0.0125. மா 0.05. மாகாணி 0.0625. இருமா சரியாக 0.1. மூன்றில் ஒன்றைப் போல 0.333 என்று இழுத்துக்கொண்டு போகிற பின்னம் ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை.

அப்படியானால் தாத்தாவின் கணக்குக்கும் என் வகுப்பின் கணக்குக்கும் நடுவில் பாலம் எளிதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. 0.125, 0.5, இரண்டில் எது பெரியது என்று கேட்டால் ஏழாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் 0.125 என்பார்கள். 125 ஐந்தைவிடப் பெரியது அல்லவா! அதே பிள்ளையிடம் அரைக்கால் பெரியதா அரை பெரியதா என்று கேளுங்கள், சிரித்துவிடும். இன்னொன்று: ஆயிரத்து ஐம்பத்தேழு என்று சொல்லி எழுதச் சொன்னால், சின்ன வகுப்பில் சிலர் 100057 என்று எழுதுவார்கள். ஆயிரத்தை எழுதினார்கள், ஐம்பத்தேழை எழுதினார்கள், காதில் விழுந்தது எதையும் விடவில்லை.

இந்த இரண்டாவது விடையைத் திருத்தித் திருத்தி அலுத்த காலத்தில்தான் பழைய ஏட்டுக் கணக்கு எழுதும் முறையைப் பார்த்தேன். பழைய தமிழில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறி. ஆயிரத்து ஐம்பத்தேழு என்பது ௲௫௰௭. ஆயிரம், ஐந்து பத்து, ஏழு. பூஜ்யமே தேவையில்லை, ஏனென்றால் காலி இடம் என்று ஒன்று அங்கே இல்லை. வாயில் சொன்னது அப்படியே ஏட்டில் இறங்குகிறது. 100057 என்று எழுதிய குழந்தையும் அதைத்தான் செய்திருந்தது. சொல்லைக் கேட்டு எழுதுகிற கணக்கு ஒன்று, இடத்தைப் பார்த்து எழுதுகிற கணக்கு இன்னொன்று. முதலாவதில் காணி என்றாலே எவ்வளவு என்பது பெயரிலேயே இருக்கிறது. இரண்டாவதில் 5 என்ற இலக்கம் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அது ஐந்தா, ஐம்பதா, பத்தில் ஐந்தா என்று தெரியும். காதால் கற்ற கணக்கைக் கண்ணால் கற்க வேண்டி வந்தபோதுதான் சுவருக்கு வேலை வந்தது. இந்த ஒரு விஷயம் பிடிபட்ட பிறகு என் சார்ட்டுகளே மாறிவிட்டன.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சுவருக்கு வேலையே இல்லை. மணலில் விரலால் எழுத்து, பிறகு ஏடும் எழுத்தாணியும், மாலையில் சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல எல்லோரும் பின்னால் சொல்லும் முறை. எண்சுவடி, குழிமாற்று என்ற வாய்பாடுகள் தொண்டையில்தான் குடியிருந்தன. 1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டத்துக்கு எத்தனை பள்ளிக்கூடம் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காட்டிலிருந்து போன எண்ணிக்கை 875. தரம்பால் 1983-இல் வெளியிட்ட நூலில் அந்தப் பட்டியல்கள் முழுதும் இருக்கின்றன. அத்தனை திண்ணைகளிலும் சாயங்காலத்தில் முந்திரி, அரைக்காணி என்று ராகம் போட்டுச் சொன்ன குரல்களை நினைத்துப் பார்க்கிறேன். அந்த 875-இல் படித்த பிள்ளைகளில் பெண் குழந்தைகள் அபூர்வம், சாதியின் பெயரால் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஏராளம் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். என் தாத்தா உட்கார்ந்த திண்ணையில் என் பாட்டிக்கு இடம் இல்லை.

மனப்பாடக் கணக்கின் எல்லை எதுவரை என்று காட்டிய ஒருவர் கடலூருக்கு வடக்கே, இரண்டு மணி நேரத்தில் சைக்கிளில் போகக்கூடிய புதுச்சேரியில் இருந்தார். 1825-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி அவரைப் பற்றி எழுதி வைத்தார். அந்தத் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைச் சொற்களில் பொதிந்த வாக்கியங்களை நினைவிலிருந்தே சொல்லிச் சொல்லிச் சோழிகளை நகர்த்தி, அந்த ஆண்டு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். காகிதம் கிடையாது, எழுத்தும் கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எந்தச் சோழி எந்த வரிசையில் இருக்கிறது என்பதில்தான் அதன் மதிப்பு. இடமதிப்பு அங்கே தரையில் கிடந்தது. வாய் சொல்ல, கை நகர்த்த, கண் பார்க்க, மூன்றும் ஒன்றாக நடந்திருக்கிறது.

சுவர்த்தாள் வந்த வழி சுற்று வழி. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியைப் பார்த்துக்கொள்ள வந்தார். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் மணல் தட்டு வைத்தார். பெரிய பையனை வைத்துச் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். லண்டன் திரும்பி 1797-இல் அதை நூலாக அச்சிட்டார். சட்டாம்பிள்ளை முறை மெட்ராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. அதே சமயத்தில் ஜோசப் லங்காஸ்டர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் வைத்துப் படிப்பித்தார். ஆளுக்கொரு புத்தகத்துக்குப் பணம் இல்லை. 1803-இல் அவர் எழுதிய நூலில் அதற்கு வழி சொல்லியிருக்கிறார்: பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அட்டையில் ஒட்டி, சுவரில் ஆணியடித்து மாட்ட வேண்டும், பன்னிரண்டு முதல் இருபது பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று படிக்க வேண்டும், ஒரு கூட்டம் முடிந்தால் அடுத்த கூட்டம். ஒரே புத்தகம் பள்ளி முழுமைக்கும் போதும். வறுமையிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. வகுப்பறை சார்ட்டின் தாத்தாவை நான் அந்த ஆணியில்தான் பார்க்கிறேன். இங்கிருந்து போன சட்டாம்பிள்ளை அங்கே சுவர் அட்டைக்கு முன்னால் நின்று பாடம் சொன்னான். பிறகு அந்த முறை மிஷன் பள்ளிகளோடு நம் ஊருக்கே திரும்பி வந்தது. கடலூருக்கு மிஷன் பள்ளி புதிதல்ல. தரங்கம்பாடியிலிருந்து சீகன்பால்கு வந்து 1717-இலேயே இங்கே ஒரு தருமப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தியிருந்தார்.

சென்னையில் அச்சிலும் ஒரு மாற்றம் நடந்தது. 1825-இல் வெளிவந்த ராமசாமி நாயக்கரின் ‘கணித தீபிகை’ தமிழ் இலக்கங்களோடு பூஜ்யத்தைச் சேர்த்து இடமதிப்பு முறையில் எழுதக் கற்றுக்கொடுத்தது. ௲௫௰௭ என்று எழுதிய இடத்தில் ௧௦௫௭. மூன்று குறிகள் ஓய்வு பெற்றன. ஒரு வட்டம் உள்ளே வந்தது.

தசமப் புள்ளியின் கதை இன்னொரு கரையில் நடந்தது. 1585-இல் சைமன் ஸ்டீவின் என்ற பிளெமிஷ் பொறியாளர் டச்சு மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். நிலம் அளப்பவர், துணி அளப்பவர், பீப்பாய் அளப்பவர் எல்லோருக்கும் பின்னத் தொல்லை தீர வேண்டும் என்பது நோக்கம். அவரிடம் புள்ளி கிடையாது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் 0, 1, 2, 3 என்று குறித்தார்: முழு எண்ணுக்கு 0, பத்தில் ஒன்றுக்கு 1, நூறில் ஒன்றுக்கு 2. இன்று சார்ட்டில் கட்டம் போட்டு மேலே இடத்தின் பெயரை எழுதுகிறோமே, அதைத்தான் அவர் எண்ணுக்குள்ளேயே செய்தார். பிற்பாடு வட்டங்கள் போய்ப் புள்ளி மட்டும் நின்றது. எழுதுகிறவனுக்கு அது லாபம். கற்கிற குழந்தைக்கு இடத்தின் பெயர் கண்ணிலிருந்து மறைந்தது. ஸ்டீவின் போட்ட வட்டங்களைக் குழந்தைக்குத் திருப்பிக் கொடுப்பதே சார்ட்டின் வேலை.

1957-இன் நாணயமும் அந்த வேலையைச் செய்யப் பார்த்தது. ஒரு நயா பைசாவில் ரூபாயின் நூறில் ஒரு பாகம் என்றும், பத்து நயா பைசாவில் பத்தில் ஒரு பாகம் என்றும் பொறித்திருந்தார்கள். இவ்வளவு நல்ல கற்பித்தல் கருவி, ஒவ்வொரு பிள்ளையின் கையிலும்! ஆனால் அது இந்தியில் இருந்தது. கடலூர்ப் பிள்ளைகள் அதைப் படித்திருக்க முடியாது. 1964-இல் நயா என்ற அடைமொழியும் போய் வெறும் பைசா ஆயிற்று. 1962-க்குள் வீசையும் பலமும் கடைத் தராசிலிருந்து இறங்கிவிட்டன. நாற்பது பலம் கொண்ட வீசை ஏறக்குறைய 1.4 கிலோ, அந்த மாற்றத்துக்கும் சுவரில் தாள் தொங்கியது. காசு, எடை, நீளம் மூன்றும் சில ஆண்டுகளுக்குள் பத்தின் வழிக்கு வந்துவிட்டதால், பெரியவர்கள் தாளைப் பார்த்தே கற்றார்கள். அவர்களிடம் தேவை இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தத் தேவையை நான் உண்டாக்க வேண்டியிருந்தது.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில் சுவரில் தலைவர்கள் படமும் இந்தியா வரைபடமும் இருக்கும். கணக்குக்கு எதுவும் இருக்காது. கரும்பலகைத் திட்டம் 1987-இல் வந்து பெட்டியில் சில உபகரணங்கள் கொண்டுவந்தது. பல பள்ளிகளில் அவை தொலைந்துபோகும் என்ற பயத்தில் பீரோவிலேயே இருந்தன. உண்மையில் சுவர் நிறைந்தது அடுத்த பத்தாண்டில், மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தில்தான். ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய், கற்றல் கற்பித்தல் உபகரணம் செய்ய. தெற்கு வீதி ஸ்டேஷனரிக் கடைகளில் சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, கலர் தாள் வாங்க டீச்சர்கள் கூட்டம் நிற்கும். டி.எல்.எம். என்ற மூன்றெழுத்து எங்கள் பேச்சில் ஒட்டிக்கொண்டது. பார்வைக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சுவரைத்தான் என்பதால், மினுமினுக்கும் சார்ட்டுகள் கைக்கு எட்டாத உயரத்தில், ஓட்டுக்குக் கீழே, வருஷக்கணக்கில் தொங்கின. அந்த உயரம் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். எட்டு வயதுப் பிள்ளையின் கண் எங்கே இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தது செயல்வழிக் கற்றல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் எம். பி. விஜயகுமார் தொடங்கிவைத்து, 2007-08-இல் மாநிலம் முழுக்க வந்த திட்டம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். சுவரின் அடிப்பகுதியில் அவர்களுக்கென்று தாழ்வான கரும்பலகை பூசப்பட்டது. பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. மேலே கம்பிப்பந்தல் கட்டி, பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிட்டோம். அந்தத் திட்டத்தின் மேல் குறை சொன்னவர்கள் உண்டு, பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துச் சமாளித்த சிரமமும் உண்மை. ஆனால் சுவரைக் குழந்தையின் உயரத்துக்கு இறக்கியது அதுதான். இதற்காகவே அதை நான் மறக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த தசம சார்ட் இப்படி இருந்தது. தாழ்வான பலகைக்கு மேல், பிள்ளை நின்றால் மூக்குக்கு நேராக. நடுவில் ஒன்றுகள். இடப்பக்கம் பத்துகள், நூறுகள், ஆயிரங்கள். வலப்பக்கம் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. பலரும் புள்ளியை நடுவாக வைத்து வரைவார்கள். அப்படி வரைந்தால் "ஒன்றில் ஒன்று எங்கே டீச்சர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். ஒன்றுகளை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் ஜோடி சேர்ந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பை தைத்து, இலக்க அட்டைகளைப் பிள்ளைகளே செருகும்படி விட்டேன். எண்ணைச் செருகியதும் வெறுமனே "பூஜ்யம் புள்ளி ஒன்று இரண்டு ஐந்து" என்று சொல்லக் கூடாது. "பத்தில் ஒன்று, நூறில் இரண்டு, ஆயிரத்தில் ஐந்து" என்று வகுப்பே சேர்ந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வகுப்பில் இரைச்சல் என்று குறை வந்தது. பரவாயில்லை. கண்ணுக்குக் கொடுத்ததைக் காதுக்கும் கொடுக்காமல் எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கரையேறியபோது ஓடு பறந்து சார்ட் எல்லாம் கூழாகிவிட்டது. புதிதாகச் செய்த சார்ட்டில்தான் கீழே ஒரு வரிசை சேர்த்தேன்: அரை 0.5, கால் 0.25, அரைக்கால் 0.125, மாகாணி 0.0625. பாடத்திட்டத்தில் இல்லாததைச் சேர்த்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று உடன் வேலை செய்த ஒருவர் சொன்னார். குழம்பவில்லை. நகைக்கடையில் வேலை செய்யும் ஒருவரின் மகள் அந்த வரிசையைப் பார்த்து, "அரைக்கால் பவுன்னா ஒரு கிராம் டீச்சர்" என்றாள். பவுன் 8 கிராம், அதில் எட்டில் ஒரு பங்கு சரியாக ஒரு கிராம். கடைத் தராசு 1.000 என்று காட்டும். புள்ளிக்குப் பிறகு மூன்று பூஜ்யம் எதற்கு என்பதையும் அவளே வகுப்புக்குச் சொன்னாள். அன்றைக்கு 0.125-ஐ 0.5-ஐவிடப் பெரியது என்று சொல்ல யாரும் கை தூக்கவில்லை.

அந்த வரிசையில் பின்னங்களுக்கான பழைய குறிகளையும் போட அப்போதே ஆசைப்பட்டேன். கையால்தான் வரைய வேண்டும். ஏட்டைப் பார்த்து ஒருவர் வரைந்தது போல இன்னொருவர் வரையமாட்டார். 2019-இல் ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பு முந்திரி, காணி, மா உள்ளிட்ட பின்னங்களுக்கும் நெல் அளவைகளுக்குமாகத் தமிழுக்கு 51 குறியீடுகளை ஏற்றுக்கொண்டது. இனி அச்சிலேயே போடலாம். இப்போது வகுப்பில் இருக்கும் டீச்சர்கள் யாராவது அடுத்த சார்ட் செய்தால், ஆயிரத்தில் ஒன்றோடு நிறுத்தாமல் இன்னொரு கட்டம் வலப்பக்கம் நீட்டுங்கள். இருமா 0.1, மா 0.05, அரைமா 0.025, காணி 0.0125 என்று இறங்கி வாருங்கள். காணிக்கு நாலாவது இடம் வேண்டும்.